மலைப்பாதையில் ஜீப் ஏன் சூடாகிறது, ஏன் இழுக்க மறுக்கிறது

கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் தடத்தைச் சாலை என்று சொல்வது உபசார வழக்குதான். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக்குள் இருந்தாலும், வண்டி ஏறும் வழி கேரளப் பக்கமாகவே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கத்துக் குரங்கணியிலிருந்து வருபவர்கள் நடந்துதான் ஏற வேண்டும். கற்கள் பெயர்ந்தும் மழைநீர் அரித்தும் கிடக்கும் அந்தத் தடத்தில், ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புகள் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஊர்ந்து, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை அடைகின்றன.

இத்தகைய தடங்களில் புதிதாக ஓட்டத் தொடங்குகிறவர்களிடம் இரண்டு முறையீடுகளைக் கேட்கலாம். டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போகிறது என்பது ஒன்று. எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் பெரும்பாலும் ஒரே ஏற்றத்தில் சேர்ந்து வருவதால், ஒன்றினால்தான் மற்றது வந்தது என்று எண்ணிவிடுவது இயல்பு. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அடிப்படையில் இவை இரண்டு தனிக் கோளாறுகள். இரண்டுக்கும் பொதுவான காரணம் காற்றுப் பற்றாக்குறை. ரேடியேட்டரின் ஊடே போதிய காற்று பாயாவிட்டால் எஞ்சின் சூடாகிறது. சிலிண்டருக்குள் போதிய காற்று புகாவிட்டால் இழுவை குறைகிறது. மலைத்தடம் இந்த இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் காற்றைக் குறைத்துவிடுகிறது.

முதலில் சூட்டைப் பார்ப்போம். எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியேறிவிட, மீதமுள்ள வெப்பத்தின் பெரும்பகுதியைக் கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீர்மம் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. எஞ்சினைச் சுற்றியுள்ள வழிகளில் வாட்டர் பம்ப் கூலண்டைத் தள்ளுகிறது. அது 82 முதல் 88 டிகிரி வரை சூடானதும் தெர்மோஸ்டாட் என்னும் வால்வு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடுகிறது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே பாயும் காற்று அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆகவே எஞ்சின் எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு ஈடான வெப்பத்தை ரேடியேட்டர் வெளியேற்றியாக வேண்டும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால், மலைத்தடத்தின் வில்லங்கம் என்ன என்பது விளங்கும். ஆட்களோடும் சாமான்களோடும் சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள ஒரு ஜீப், ஐந்து மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் உயரும் சரிவில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்று கொள்வோம். எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 10.7 கிலோவாட் திறன் தேவைப்படும். சரளைக்கல் தரும் தடையையும் கூட்டினால் அது 13 கிலோவாட்டைத் தாண்டும், அதாவது ஏறத்தாழ 18 குதிரைத்திறன். அதே ஜீப் சமதளமான நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்றின் எதிர்ப்பையும் டயர்களின் உருளல் தடையையும் வெல்வதற்கு வேண்டிய திறனும் கிட்டத்தட்ட அதே 13 கிலோவாட்தான். எஞ்சின் செய்யும் வேலை ஒன்றே, வெளியேற்ற வேண்டிய வெப்பமும் ஒன்றே. ஆனால் நெடுஞ்சாலையில் வண்டியின் வேகத்தால் மட்டுமே நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் முகப்பில் மோதும் காற்று, மலைத்தடத்தில் நொடிக்கு 3 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. வேகமானி 10 என்று காட்டுவதால் எஞ்சின் சும்மா இருக்கிறது என்று நினைப்பது, புதியவர்கள் செய்யும் முதல் தவறான அனுமானம்.

வண்டியின் வேகம் தராத காற்றை விசிறிதான் தர வேண்டும். பழைய ஜீப்புகளில் விசிறி பெல்ட் மூலம் எஞ்சினோடு இணைந்திருக்கும். பல டீசல் வண்டிகளில் சூட்டுக்கேற்ப இறுகிப் பிடிக்கும் விஸ்கஸ் கிளட்ச் நடுவில் இருக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் மின்விசிறி இருக்கும். மின்விசிறியைத் தவிர மற்றவை எஞ்சினின் சுழற்சியை நம்பியிருப்பவை. வாட்டர் பம்பும் பெரும்பாலான வண்டிகளில் அப்படித்தான். எஞ்சின் 1,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,000 சுற்று) திணறிக்கொண்டிருந்தால் விசிறியும் மெதுவாகச் சுற்றும், கூலண்டும் மெதுவாக ஓடும். சுமை மிகுந்த நேரத்தில் குளிர்விப்பு மிகக் குறைந்துபோகும் இந்த நிலைக்குப் பெரும்பாலும் காரணம், கியர் மாற்ற மனமில்லாமல் ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டே போகும் பழக்கம்.

எஞ்சினை அதிகம் சுற்றவிட்டால் அதிகம் சூடாகும் என்று பலர் உறுதியாக நம்புவதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபோர் லோ என்று சொல்லப்படும் தாழ்ந்த வரிசை கியர், சுசுகி ஜிம்னியில் சுமார் இரண்டு மடங்கும் மஹிந்திரா தாரில் சுமார் இரண்டரை மடங்கும் கியர் விகிதத்தைக் கூட்டுகிறது. வண்டி அதே 10 கிலோமீட்டர் வேகத்தில் போக, எஞ்சின் இரண்டரை மடங்கு சுற்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது தர வேண்டிய முறுக்குவிசை இரண்டரையில் ஒரு பங்காகக் குறையும். கூடுதல் சுழற்சியால் உராய்வு சற்றுக் கூடுவது உண்மைதான். ஆயினும் விசிறியும் பம்பும் இரண்டரை மடங்கு வேகம் பெறுவதால் கிடைக்கும் ஆதாயம் அந்த நட்டத்தைவிட மிகப் பெரியது. மேலும் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சுழலி) உள்ள எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் டர்போ எழும்புவதே இல்லை. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் திணறலோடு தட்டல் ஒலியும் வரும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே ஃபோர் லோவில் போட்டுக்கொள்பவரின் வண்டி இரைச்சலாகத் தோன்றினாலும், சூட்டைப் பொறுத்தவரை அவர்தான் வண்டியை நிதானமாக ஓட்டுகிறவர். ஒரு எச்சரிக்கை: இந்த இரண்டு வண்டிகளிலும் முன் அச்சையும் பின் அச்சையும் இறுகப் பிணைக்கும் அமைப்பே இருப்பதால், காய்ந்த தார்ச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஃபோர் லோவைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே முதல் கியரோடு மனநிறைவு கொள்ள வேண்டியதுதான்.

ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இன்னொரு சூடும் சேர்ந்துகொள்ளும். ஊர்ந்து ஏறும்போது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் தொடர்ந்து நழுவி, கியர்பாக்ஸ் எண்ணெயைச் சூடேற்றுகிறது. அந்த எண்ணெயைக் குளிர்விக்கும் அமைப்பு பெரும்பாலும் ரேடியேட்டருக்குள்ளேயோ அதற்கு முன்னாலோ இருப்பதால், அதன் வெப்பமும் ரேடியேட்டரின் தலையிலேயே விழுகிறது. ஆட்டோமேட்டிக் என்றால் வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று ஃபோர் லோவைத் தொடாமல் விடுவது இந்தக் காரணத்தால் கூடாது.

அடுத்து, கொதிநிலை. திறந்த பாத்திரத்துத் தண்ணீர் கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். 2,000 மீட்டர் உயரத்தில் சுமார் 93 டிகிரியிலும், லடாக்கின் கார்துங் லா கணவாயில் சுமார் 82 டிகிரியிலும் கொதித்துவிடும். அந்தக் கணவாயின் உயரத்தை அங்கே வெகுகாலமாக இருந்துவரும் பலகைகள் 18,380 அடி என்று சொன்னாலும், அளந்தவர்கள் கண்டது 5,359 மீட்டர்தான். நம் கணக்குக்கு அதுவே தாராளம். தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலையிலேயே தண்ணீர் கொதித்துவிடும் என்றால், அந்த உயரத்தில் எந்த வண்டியும் ஓட முடியாதல்லவா? ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் ரேடியேட்டர் மூடி. பிரஷர் குக்கரின் குண்டைப் போலவே, அந்த மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைக்கின்றன. 1.1 பார் (ஏறத்தாழ கடல் மட்டக் காற்றழுத்தத்தின் அளவு) தேக்கும் மூடி சரியாக இருந்தால், வெறும் தண்ணீர்கூடக் கடல் மட்டத்தில் சுமார் 121 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் மூடி கூட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலான அழுத்தத்தைத்தான். வெளி அழுத்தம் பாதியாகிவிடும் கார்துங் லாவில் அதே மூடி சுமார் 113 டிகிரி வரைதான் காக்கும். கீழே இருந்த பாதுகாப்பு இடைவெளியில் எட்டு டிகிரியை உயரமே எடுத்துக்கொண்டுவிடுகிறது.

ரப்பர் வெடித்த மூடி சமவெளியில் பிழைத்துக்கொள்ளும், மலையில் பிழைக்காது என்பது இதனால்தான். மலைப்பயணத்துக்கு முன் ஒரே ஒரு பொருளை மாற்றப் பணம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், மூடியை மாற்றச் சொல்வேன். அதற்கடுத்து கூலண்ட். எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கூலண்ட் கொதிநிலையை ஏழெட்டு டிகிரி உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது, லே நகரத்துக் குளிர்காலத்திலும் உறையாமல் இருக்கிறது. எனினும் வெப்பத்தைச் சுமக்கும் திறனில் வெறும் தண்ணீர் அதைவிட மேலானது. ஆகவே பாதி நல்லதென்றால் முழுதும் இன்னும் நல்லது என்று கிளைகாலை மட்டுமே ஊற்றிக்கொள்வது, பணத்தையும் கொடுத்துச் சூட்டையும் வாங்கிக்கொள்வதாகும்.

உயரமான இடம் குளிராக இருப்பதால் அங்கே சூடாகாது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ரேடியேட்டர் இழக்கும் வெப்பம் இரண்டைப் பொறுத்தது: கூலண்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு, காற்றின் அடர்த்தி. மலையடிவாரத்தில் 38 டிகிரி வெயிலில், 95 டிகிரி கூலண்டுக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு 57 டிகிரி. கார்துங் லாவில் காற்று 5 டிகிரியாக இருந்தால் வேறுபாடு 90 டிகிரி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே காற்றின் அடர்த்தி அடிவாரத்தில் இருப்பதில் ஆறில் மூன்றரைப் பங்குதான். விசிறி அதே கன அளவுக் காற்றைத் தள்ளினாலும் அதில் வெப்பத்தைச் சுமக்கும் சரக்கு குறைவு. பெருக்கிப் பார்த்தால் இரண்டு இடங்களும் கிட்டத்தட்ட சமமாகிவிடுகின்றன. குளிர் கொடுத்ததை மெல்லிய காற்று திரும்ப வாங்கிக்கொள்கிறது. மாறாக, கொழுக்குமலையில் 10 டிகிரி குளிர்ந்த விடியற்காலை, அடிவாரத்து நண்பகலைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் குளிர்விப்பைத் தருகிறது. சூரிய உதயத்தைக் காட்டுவதற்காக இருட்டிலேயே ஏறும் ஜீப்புகளுக்கு இது கேளாமல் கிடைக்கும் சலுகை.

இனி இழுவைக்கு வருவோம். எரிபொருளை எரிக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்று மெலிந்தால் எரிக்கக்கூடிய எரிபொருளும் குறையும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு திறனை இழக்கிறது என்பது பழைய கணக்கு. 1,462 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஜிம்னி சமவெளியில் நூறு குதிரைத்திறனைச் சற்றே தாண்டும் வண்டி. 2,000 மீட்டரில் அது எண்பதுகளில் நிற்கும். கார்துங் லாவில் அறுபதை ஒட்டிய அளவுதான் மிஞ்சும். இது பழுதன்று, எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாதது. கீழே இறங்கினால் தானாகவே திரும்பிவிடும். டர்போ உள்ள எஞ்சின் மெல்லிய காற்றை அழுத்தித் திணிப்பதால் இந்த நட்டத்தின் பெரும்பகுதியை ஈடுகட்டுகிறது; அதற்காக டர்போ கூடுதல் வேகத்தில் சுழல வேண்டியிருப்பதால் உள்ளே போகும் காற்றும் கூடுதலாகச் சூடாகிறது, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் வேலையும் கூடுகிறது.

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் பாகம்) கொண்ட பழைய வண்டிகளிலும் மெக்கானிக்கல் பம்ப் கொண்ட டீசல் ஜீப்புகளிலும் இன்னொரு சிக்கல் உண்டு. காற்று குறைந்தது அவற்றுக்குத் தெரியாது. ஏறத்தாழ சமவெளியில் ஊற்றிய அளவு எரிபொருளையே ஊற்றிக்கொண்டிருக்கும். எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியேறும், இழுவையும் குறையும், புகைச்சூடும் ஏறும். மிதிப்பதைக் குறைத்தால் புகை குறையும். இழுவை அநேகமாக மாறாது. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய எஞ்சின்கள் காற்றழுத்தத்தை அளந்து எரிபொருளைத் தாமே குறைத்துக்கொள்கின்றன.

ஆனால் இழுவை குறைவதெல்லாம் உயரத்தால் அன்று; அது எப்படி வந்தது என்பதைக் கவனித்தால் காரணத்தை ஓரளவு பிரித்தறியலாம். மணிக்கணக்கில் ஏற ஏறப் படிப்படியாகக் குறைந்திருந்தால் உயரத்தைச் சந்தேகிக்கலாம். முள் ஏறிய பிறகு, அல்லது எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு, சட்டென்று குறைந்தால் எஞ்சினின் கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் திறனைக் குறைத்துவிட்டது என்று பொருள். சூடு வேறு, இழுவை வேறு என்று மேலே சொன்னதற்கு இதுவே முக்கியமான விலக்கு. ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, கருகல் வாடையும் வருகிறது என்றால் கிளட்ச் நழுவுகிறது; அரைக் கிளட்சில் ஏற்றத்தில் நின்று நின்று புறப்பட்டதன் பலன் அது. கார்புரேட்டர் உள்ள பெட்ரோல் வண்டி சூடான ஏற்றத்துக்குப் பின் சற்று நிறுத்தி எடுக்கும்போது திக்கித் திணறினால், எரிபொருள் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டிருக்கும். உயரத்தில் பெட்ரோலும் எளிதாக ஆவியாகும் என்பதால் மலையில் இது கூடுதல். முன்னே போன வண்டிகளின் புழுதியை நாள் முழுவதும் தின்ற பிறகு இழுவை மந்தமானால் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். லடாக்கின் கடுங்குளிரிலோ டீசலே மெழுகாகத் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். அதற்காகவே உறைநிலைக்குக் கீழே 33 டிகிரி வரையிலும் திரளாமல் ஓடக்கூடிய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அங்கே அறிமுகப்படுத்தியது.

ரேடியேட்டரின் முகப்பு தனிக்கவனத்துக்குரியது. சேறு, புல்விதை, பூச்சி ஆகியவை தகடுகளுக்கிடையே அடைந்துகொண்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது, ஏனெனில் ஏசியின் கண்டென்சர் முன்னால் மறைத்துக்கொண்டிருக்கும். சேறு இரண்டுக்கும் இடையில் தங்கும். தண்ணீர்க் குழாயால் மென்மையாக, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுவது முறை. அழுத்தம் மிகுந்த பீய்ச்சலைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கி, வந்த காற்றும் நின்றுவிடும். முகப்பில் வரிசையாக விளக்குகளையும் சிக்கிய வண்டியை இழுக்கும் பெரிய வின்ச்சையும் மாட்டிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: அவற்றில் பாதி புகைப்படத்துக்காக மாட்டப்படுபவை, ஆனால் மறைப்பது முழுவதும் ரேடியேட்டருக்குரிய காற்றை.

முள் ஏறத் தொடங்கினால் செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. ஏசியை அணைத்துவிட்டு, வியர்த்தாலும் பரவாயில்லை என்று ஹீட்டரை முழு வேகத்தில் வைக்க வேண்டும். ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். அப்படியும் இறங்காவிட்டால், காற்று வரும் இடமாகப் பார்த்து, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் 1,200 முதல் 1,500 ஆர்பிஎம் வரை ஓடவிட வேண்டும். சட்டென்று அணைத்தால் பம்ப் நின்று, உலோகத்தில் தேங்கிய வெப்பம் அசையாத கூலண்டைக் கொதிக்கவைக்கும். டர்போவின் எண்ணெயும் கருகும். ஆனால் நீராவி வெளியேறினாலோ, கூலண்ட் ஒழுகித் தீர்ந்திருந்தாலோ இந்த விதி பொருந்தாது. உடனே அணைத்துவிட வேண்டும். மூடியை அந்த நேரத்தில் திறக்கவே கூடாது. தேக்கிவைத்த அழுத்தம் விலகிய கணத்தில் உள்ளிருப்பது முழுவதும் ஒரே வீச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டு அழுத்தினால் தளர்வாக இருக்கிறது என்று கண்ட பிறகே திறக்கலாம். ஆறாத எஞ்சினில் ஓடைத் தண்ணீரை அப்படியே கொட்டினால், சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட் வெடிக்கவும் கூடும்.

டெம்பரேச்சர் முள்ளை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் அந்த முள், கூலண்டின் வெப்பநிலை கணிசமாக ஏறியிறங்கினாலும் நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். சிறிய ஏற்றத்தைக் கண்டு ஓட்டுநர் பதறாமலிருக்கச் செய்த ஏற்பாடு. அதனால் முள் அசைவது தெரியும்போது பாதுகாப்பு இடைவெளியில் பெரும்பகுதி ஏற்கெனவே கரைந்துபோயிருக்கும். அதைவிட ஆபத்தானது, கூலண்ட் முழுவதும் ஒழுகிய நிலை. சென்சாரைச் சுற்றி நீர் இல்லாமல் ஆவியும் காற்றும் மட்டும் இருப்பதால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். கடும் ஏற்றத்தில், கொதித்துக்கொண்டிருந்த வண்டியின் முள் காரணமில்லாமல் இறங்கினால் அது நல்ல செய்தியன்று. ஓபிடி எனப்படும் பழுதறியும் துளையில் செருகும் சிறு கருவி கைப்பேசியில் கூலண்டின் வெப்பநிலையை எண்ணாகவே காட்டும்; 95, 98, 101 என்று எண் ஏறுவதைப் பார்ப்பவருக்கு, முள்ளை நம்பியிருப்பவரைவிட முன்னதாகவே கியரை மாற்ற வாய்ப்புக் கிடைக்கும்.

ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்ட வண்டியை ஆறியபின் ஓட்டி ஊர் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது என்று கருத வேண்டாம். அலுமினிய ஹெட் சூட்டில் நெளிந்து, அதன் அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் என்னும் அடைப்புத் தகடு ஓரிடத்தில் விட்டிருக்கலாம். மறுநாள் காலை, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, கூலண்ட் அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால் கலந்தாற்போன்ற படலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினை இயக்கி, குமிழிகள் இடைவிடாமல் வருகின்றனவா என்று சில நிமிடங்கள் கவனிக்க வேண்டும். நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்று சற்று நேரத்தில் வெளியேறி அடங்கிவிடும். அடங்காமல் வந்துகொண்டே இருக்கும் குமிழி சிலிண்டரிலிருந்து கசியும் புகை. அந்த வண்டியை அடுத்த ஏற்றத்துக்குக் கொண்டுபோகாமல் ஹெட்டைக் கழற்றிச் சோதிக்கும் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.